மொரிஷியஸ் மண்ணில் செம்பருத்தி: நடவு, கவாத்து, புயல்காலப் பராமரிப்பு

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாட்டுக்குச் சரி. மொரிஷியஸில் ஆடி மாதம் நடுக்குளிர்காலம். அப்போது வெட்டி வைத்த செம்பருத்திக் குச்சி வேர் விடாமல் அழுகும். கவாத்து செய்த, அதாவது கிளை வெட்டிவிட்ட செடி துளிர்க்காமல் வாரக்கணக்கில் நிற்கும். தமிழில் கிடைக்கும் செம்பருத்திக் குறிப்புகள் பெரும்பாலும் சென்னை, கோவை வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் மாதத்தை மட்டும் மாற்றினால் போதாது, திசையையும் மாற்ற வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். குளிர்கால வெயில் நமக்கு வடக்குப் பக்கமாக விழுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இலை மஞ்சளாகிறது, மொட்டு கொட்டுகிறது என்று மருந்துக் கடைக்குப் போகிறவர்களின் செடிகளில் பாதிக்கு மேல் பூச்சியும் இருக்காது, நோயும் இருக்காது. தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது வேர் காய்ந்திருக்கும், அல்லது இடம் தப்பாக இருக்கும். மேலே மருந்து அடிப்பதற்கு முன் கீழே மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.

எந்தச் செடியை வாங்குவது

கிரியோலில் ஃபுல்சபாத் என்று சொல்லும் ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்திதான் இந்தத் தீவுக்கு மிகப் பொருத்தமானது. பூஜைக்கும் அதுவே. வேலியாக நட்டால் 2 மீட்டருக்கு மேல் போகும். காற்றில் ஒடிந்தாலும் அடியிலிருந்து தழைக்கும், குச்சியில் எளிதாக வேர் பிடிக்கும். முதன்முதலாக வளர்ப்பவர்கள் இதில் தொடங்குங்கள்.

அடுக்குச் செம்பருத்தி பார்க்க அழகு. ஆனால் மழை அதிகமான ஊர்களில் பூ தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். மொட்டு உதிர்வதும் இதில்தான் அதிகம். உள்ளங்கையை விடப் பெரிதாக, இரண்டு மூன்று நிறம் கலந்து பூக்கும் கலப்பினங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகளாக வரும். அவற்றின் சொந்த வேர் மெலிது என்பதால்தான் வலுவான நாட்டுரகத்தின் மேல் ஒட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் ஓராண்டில் அடிச்செடி மேலேறி, காசு கொடுத்து வாங்கிய ரகம் மறைந்துபோகும்.

'செடி நன்றாக இருக்கிறது, பூ மட்டும் விரிவதே இல்லை' என்று சிலர் கேட்பதுண்டு. மிளகாய் போலத் தொங்கி, இதழ் சுருண்டபடியே இருக்கும் அந்தச் சிவப்புப் பூ செம்பருத்தியின் உறவு, வேறு இனம். அதன் பூ அவ்வளவுதான் விரியும். நிழலிலும் பூக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை.

வாங்கும்போது பூவைப் பார்க்காமல் தொட்டியின் அடித்துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நல்லது. கனத்த பழுப்பு வேர் துளை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் அந்தச் செடி தொட்டிக்குள் வெகுநாள் அடைபட்டிருக்கிறது. மண்ணில் நட்டாலும் வேர் அதே வட்டத்தில்தான் சுற்றும், முதல் பெரிய காற்றில் செடி சாயும்.

இடம்: வடமேற்கு மூலை

சிறிய தீவுதான், ஆனால் ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பராமரிப்பு தேவைப்படுகிறது. பிளாக் ரிவர், ஃபிளிக் ஆன் ஃப்ளாக் போன்ற மேற்குக் கரையில் ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நடு மேட்டு நிலத்தில் அது 4000 வரை போகிறது. மேற்கில் செடி காய்ந்து சாகும். மேட்டு நிலத்துக் கியூர்பிப், வாக்வா பக்கம் ஊறிச் சாகும். இதை மறந்து 'வாரம் இத்தனை முறை தண்ணீர்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

செம்பருத்திக்கு நாளுக்கு 6 மணி நேரம் நேர்வெயில் வேண்டும். குறைந்தால் இலை பெரிதாகும், தண்டு நீளும், பூ குறையும். வீட்டுச் சுவரின் தெற்குப் பக்கம் ஜூன், ஜூலையில் நாள் முழுக்க நிழலில் கிடக்கும். அங்கே நட வேண்டாம். ஆண்டில் பெரும்பகுதி வீசுவது தென்கிழக்குக் காற்று. ஆகவே தெற்கிலும் கிழக்கிலும் வீடோ மதிலோ தடுப்பாக இருந்து, வடக்கும் மேற்கும் திறந்திருக்கும் மூலையே சிறந்தது. மேட்டு நிலத்தில் இதைக் கட்டாயம் பாருங்கள். மேற்குக் கரையில் மட்டும், பிற்பகல் வெயில் மதிலில் பட்டுத் திரும்பி இலையைப் பொசுக்கும் என்பதால், செடிக்கும் மதிலுக்கும் ஒரு மீட்டராவது விடுங்கள்.

கழிவுநீர்க் குழாய், தண்ணீர்த் தொட்டியின் வழிந்தோடும் குழாய் ஆகியவற்றின் அருகே நட்ட செடி மழைக்காலத்தில் மூச்சடைத்துப் போகும்.

மண்ணும் குழியும்

நம் மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது. மேட்டு நிலத்தில் மழை சத்துகளைக் கழுவிக்கொண்டு போவதால் மண் புளிப்பேறியிருக்கும். கடலோரத்திலோ பவளச் சுண்ணாம்பு கலந்து காரமாக இருக்கும். செம்பருத்தி விரும்புவது லேசான புளிப்பு: கார அமிலக் குறி (pH) 6 முதல் 6.8 வரை.

இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. களிமண்ணை இளக்குவதற்கு வெள்ளைக் கடல்மணலைக் கலப்பது. அது மணல் அல்ல, பவளத்தின் பொடி, முழுக்கச் சுண்ணாம்பு. உப்பும் சேர்ந்திருக்கும். அதைக் கலந்த குழியில் சில மாதங்களில் புதுத்துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை அது. பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் தீராது. கட்டட வேலைக்கு விற்கும் கருங்கல் மணலை, அதாவது ராக்-சாண்டை, வாங்குங்கள். அதிலும் மாவுபோன்ற பொடி இருக்கும். வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை அலசிக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். அலசாத பொடி ஈரத்தில் இறுகிவிடும்.

குழி 45 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம். தோண்டியதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தால் அப்படியே நடலாம். அடுத்த நாள் காலையிலும் தேங்கி நின்றால் அங்கே குழியில் நடாதீர்கள். தரைக்கு மேலே 20 சென்டிமீட்டர் மேடு கட்டி அதில் நடுங்கள். அடியில் பாறைத் தட்டு இருக்கும் இடங்களில் இதுதான் ஒரே வழி. குழியின் அடியில் கல் நிரப்பினால் வடியும் என்பது வெறும் நம்பிக்கை. கல்லுக்கு மேலே உள்ள மண் ஊறித்தான் நிற்கும்.

நிரப்பும் கலவை: தோண்டிய மண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ இலை உரமோ 1 பங்கு, அலசிய கருங்கல் மணல் 1 பங்கு. மண் ஏற்கனவே பொலபொலவென்று இருந்தால் மணலை விட்டுவிடலாம். கரும்பு ஆலைக் கழிவான எக்யூம் கிடைத்தால் நல்ல உரம்தான். ஆனால் ஆலையிலிருந்து வந்த உடனே போட்டால் சூடேறி வேரைச் சுடும். மூன்று மாதமாவது குவித்து வைத்து, கையை உள்ளே விட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், புளித்த வாடை போயிருக்க வேண்டும்.

நடும்போது செடியின் மண்கட்டியின் மேல்மட்டம் தரையை விட ஒரு விரல் உயர்ந்திருக்கட்டும். தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். சுற்றிய வேர் இருந்தால் மண்கட்டியின் பக்கங்களில் மூன்று இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழே கீறிவிடுங்கள். நட்டதும் 10 லிட்டர் தண்ணீர். பிறகு கரும்புத் தோகையை 7 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். வேலிக்கு என்றால் செடிக்குச் செடி 75 சென்டிமீட்டர். தனிச்செடிக்கு ஒன்றரை மீட்டர்.

நடவுக்கு நல்ல காலம் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை. மேற்குக் கரையில் மழை தொடங்கும் வரை தண்ணீர் ஊற்ற முடியாது என்றால் டிசம்பர் கடைசி வரை பொறுக்கலாம். மேட்டு நிலத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை நடவே வேண்டாம்.

குச்சியிலிருந்து புதுச்செடி

அக்டோபர் முதல் மார்ச் வரை குச்சி வைக்கலாம். எந்தக் குச்சி என்பதில்தான் பாதி வெற்றி. நுனியில் பச்சையாக வளைகிற பகுதி அழுகும். அடியில் சாம்பல் நிறத்தில் மரமாகிவிட்ட பகுதி வேர் விடத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் பருமன் உள்ள பகுதியை எடுங்கள். நீளம் 12 முதல் 15 சென்டிமீட்டர், குறைந்தது நான்கு கணு.

கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். செம்பருத்தித் தண்டில் வழவழப்பான சாறு இருப்பதால் நாலைந்து குச்சிக்கு ஒருமுறை மறுபடி துடைக்க வேண்டும். கீழ் வெட்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல் வெட்டைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள்.

அலசிய கருங்கல் மணலும் தென்னை நார்த்தூளும் சரிபாதி. தொழு உரம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வேர்ப்பொடி, வேர்விடத் தூண்டும் ஐ.பி.ஏ. 0.3 சதவீதம் உள்ளது, கிடைத்தால் கீழ்நுனியை அதில் தொட்டு, தட்டி உதிர்த்துவிட்டு நடுங்கள். முதலில் ஒரு குச்சியால் துளை போட்டு அதில் இறக்க வேண்டும். நேராகக் குத்தினால் பொடி மேலேயே வழிந்துவிடும். இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி மேலே கவிழ்த்து, மூடியைத் திறந்து விடுங்கள். வெளிச்சம் இருக்க வேண்டும், நேர்வெயில் கூடாது.

நாட்டுச் சிவப்பு 4 முதல் 6 வாரத்தில் வேர் விடும். கலப்பினத்துக்கு 8 வாரமும் அதற்கு மேலும் ஆகும். இரண்டாம் வாரமே துளிர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து பிடுங்கி நடுவதால் நிறையக் குச்சிகள் போகின்றன. அந்தத் துளிர் தண்டில் சேர்ந்திருந்த சத்தில் வந்தது, வேர் வந்ததற்குச் சான்று அல்ல. லேசாக இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும், அடித்துளையில் வெள்ளை வேர் தெரிய வேண்டும். பிறகும் பாட்டிலை ஒரேயடியாக எடுக்காமல், ஒரு வாரம் மாலையில் மட்டும் எடுத்துப் பழக்குங்கள்.

அடி கறுத்துக் கொழகொழத்தால் ஈரம் அதிகம், அல்லது மணலை ஒழுங்காக அலசவில்லை. தண்டு சுருங்கிக் காய்ந்தால் கவிழ்த்த பாட்டிலின் உள்ளே ஈரப்பதம் போதவில்லை. இலை உதிர்ந்தும் தண்டு பச்சையாக இருந்தால் எறியாதீர்கள், அதில் இன்னும் உயிர் இருக்கிறது. குச்சியில் பிடிக்க மறுக்கும் அடுக்கு ரகங்களுக்கு, கிளையில் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை உரித்து, ஈரமான தென்னை நாரால் பொதிந்து பிளாஸ்டிக் தாளில் கட்டும் காற்றுப்பதியம் நம்பகமானது. 6 முதல் 8 வாரம் ஆகும்.

தண்ணீர்

நட்ட முதல் மூன்று வாரம் ஒன்று விட்டு ஒரு நாள், 5 லிட்டர். பிறகு மேற்குக் கரையில் வாரம் இரண்டு முறை 10 முதல் 15 லிட்டர். மேட்டு நிலத்தில் பத்து நாள் மழை இல்லாதபோது மட்டும். தினம் ஒரு செம்பு ஊற்றுவது மிகக் கெட்ட பழக்கம். ஈரம் மேல்மட்டத்திலேயே நிற்பதால் வேரும் மேலேயே பரவும். ஒரு நாள் மறந்தால் செடி துவளும், காற்றடித்தால் சாயும்.

அக்டோபர், நவம்பரில் நீர்த்தேக்கங்கள் வற்றிக் குழாய்த் தண்ணீர் நேரக்கணக்கில் வரும் நாட்களில்தான் செம்பருத்தி புதுமொட்டு கட்டுகிறது. அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் ஊற்றலாம். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீரும், உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீரும் வேண்டாம்.

உரம்

செம்பருத்திக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம் வேண்டும், தழைச்சத்து (நைட்ரஜன்) நடுத்தரம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவாக. 'பூ உரம்' என்று மணிச்சத்தைத் தூக்கிப் போட்ட உரங்கள் ரோஜாவுக்கு ஆகலாம், இதற்கு ஆகாது. மணிச்சத்து சேரச்சேர இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும். எலும்புத்தூள் போடாதீர்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 13:13:20:2 கலப்பு உரத்தில் இரண்டாவது எண், அதாவது மணிச்சத்து, கொஞ்சம் அதிகம். ஒன்றரை மீட்டர் செடிக்கு 40 கிராம் வீதம் செப்டம்பர், டிசம்பர், மார்ச் என மூன்று தடவை போதும். இடைப்பட்ட மாதங்களில் பொட்டாசியம் சல்பேட் 20 கிராம். கிளைநுனி விழும் வட்டத்தில், ஈரமண்ணில் தூவிக் கிளறி மீண்டும் தண்ணீர் விட வேண்டும். காய்ந்த மண்ணில் போட்ட உரம் வேர்நுனியைக் கருக்கும். இரண்டொரு நாளில் இலை ஓரம் காய்ந்து அதைக் காட்டும். மக்கிய உரம் ஆண்டுக்கு இரண்டு தடவை 3 கிலோ. ஜூன் முதல் ஆகஸ்ட் நடு வரை எதுவும் போடாமல் விடுங்கள்.

கவாத்து: காவடிக்குப் பூ வேண்டுமென்றால்

புதுக்கிளையில்தான் பூ வரும். வெட்டாத செடியில் பூ மேலே மேலே போய், கைக்கெட்டாத உயரத்தில் நாலு பூ நிற்கும். கடலோரத்தில் ஆகஸ்ட் கடைசி, மேட்டு நிலத்தில் செப்டம்பர் கடைசி கவாத்துக்கு ஏற்ற காலம். வெட்டியதிலிருந்து பூ வர 10 முதல் 12 வாரம் ஆகும். தைப்பூசக் காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருவதால், அதற்குப் பூ வேண்டுமென்றால் கடைசி வெட்டு அக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும். நவம்பரில் வெட்டினால் காவடி நாளில் செடி முழுக்க இலைதான் இருக்கும்.

தினமும் பூஜைக்குப் பறிப்பவர்கள் செடியை ஒரேயடியாக வெட்ட வேண்டாம். கிளைகளை மூன்று பங்காக்கி, நாலு வாரத்துக்கு ஒரு பங்கு வெட்டுங்கள். ஒரு பங்கு துளிர்க்கும்போது மற்றது பூத்துக்கொண்டிருக்கும்.

முதலில் காய்ந்த கிளை, உள்ளே குறுக்கே ஓடும் கிளை, தென்னங்குச்சி பருமனுக்கும் குறைந்தவை. பிறகு மீதிக் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கு நீளம். வெளிப்புறம் பார்த்த கணுவுக்கு 5 மில்லிமீட்டர் மேலே வெட்டினால் துளிர் வெளிப்பக்கம் போகும், நடுவில் காற்று நுழையும். கணுவுக்கு மேலே நீளமாகக் கட்டை விட்டால் அது காய்ந்து, அந்தக் காய்வு கீழே இறங்கும். உயரம் ஒன்றரை மீட்டரில் நிறுத்துவது புயலுக்கும் நல்லது. இலையில்லாமல் மரமாகிப்போன பழஞ்செடியை 50 சென்டிமீட்டருக்கு வெட்டிப் புதுப்பிக்கலாம், ஆனால் கொஞ்சமாவது இலை உள்ள ஒரு கிளையை விட்டு வையுங்கள்.

மொட்டு உதிர்கிறது

அதிகம் பேரைக் கவலைப்பட வைப்பது இது. கீழே விழுந்த மொட்டை எடுத்துப் பாருங்கள். செம்பருத்திக் காம்பின் மேற்பகுதியில், மொட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய மூட்டு இருக்கும். அந்த மூட்டில் சுத்தமாகக் கழன்றிருந்தால் செடியே உதிர்த்திருக்கிறது. பிய்ந்தும் கடித்தும் இருந்தால் நத்தையோ பறவையோ.

கழன்ற மொட்டைப் பிளேடால் நெடுக்குவாட்டில் பிளந்து வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். இதழின் ஓரத்தில் பழுப்புக் கோடும், காகிதத்தில் ஊசிமுனை அளவு மஞ்சள் பூச்சி ஓடுவதும் தெரிந்தால் இலைப்பேன். உள்ளே சிறு வெள்ளைப் புழு நெளிந்தால், விழுந்த மொட்டுகளையெல்லாம் தினம் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். மண்ணில் கிடந்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி வரும். மருந்தைவிட இந்தப் பொறுக்கல்தான் பலன் தரும்.

உள்ளே ஒன்றுமே இல்லை, இதழ் சுத்தமாக இருக்கிறது என்றால் காரணம் வேரில். பெரும்பாலும் காய்ச்சலும் ஊறலும் மாறிமாறி வந்திருக்கும். தொட்டியை இடம் மாற்றினாலும் உதிரும். தழைச்சத்து மிஞ்சினாலும் உதிரும். அப்போது இலை கரும்பச்சையாகப் பெரிதாக இருப்பதே அடையாளம். ஜனவரி, பிப்ரவரி வெக்கையில் அடுக்கு ரகங்கள் கொஞ்சம் உதிர்ப்பது இயல்பு.

இலை மஞ்சளாவது

எந்த இலை என்பதுதான் கேள்வி. அடி இலைகள் மட்டும் ஒன்றிரண்டாக மஞ்சளாகி விழுந்தால், ஏப்ரல் மே மாதங்களில், அது பருவம் மாறுவதன் அடையாளம். மேட்டு நிலத்தில் இது கூடுதலாக இருக்கும். புது இலை வெளிறி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்பு. கார மண்ணுக்கு, அங்கும் வேர் எடுக்கக்கூடிய இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பை வேரில் ஊற்றுங்கள். சாதாரண இரும்பு சல்பேட் அங்கே வேலை செய்யாது. பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம்: எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், வேரில். மஞ்சள் புள்ளி தூவினாற்போல் இருந்து, அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் செஞ்சிலந்தி. மேற்குக் கரையில் வறண்ட மாதங்களில் வரும்.

செடி முழுக்க ஒரே வாரத்தில் துவண்டு, இலை உதிராமலே பழுப்பாகித் தொங்கினால் வேர் அழுகல். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுகிறது என்பதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள், அத்தோடு முடிந்தது. உடனே தண்ணீரை நிறுத்தி, மூடாக்கை விலக்கி, கிளையைப் பாதியாகக் குறைத்து, தொட்டிச்செடி என்றால் புதுக்கலவைக்கு மாற்றுங்கள். வேரில் பாதிக்கு மேல் கறுத்திருந்தால் பச்சைக் கிளையில் குச்சி எடுத்து வைத்துக்கொள்வதே மிச்சம். அதே குழியில் மறுபடி செம்பருத்தி நடாதீர்கள்.

பூச்சி

மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ மூன்றுக்கும் முதல் மருந்து தண்ணீர்க் குழாயின் வேகம்: இலையின் அடிப்பக்கம், மூன்று நாளுக்கு ஒரு முறை. எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அதைத் தடுக்காமல் மாவுப்பூச்சி போகாது. அடுத்தது வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவச் சோப்பு 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில் மட்டும், வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். உச்சிவெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். டைமெத்தோயேட் மருந்தைச் செம்பருத்தி தாங்காது, இலை கொட்டும். தலைக்குத் தேய்க்க இலையும் குடிக்கப் பூவும் எடுக்கும் செடியில் வேர்வழி ஏறும் எந்த நஞ்சும் வேண்டாம். பெரிய நத்தைகளை மழைக்கால இரவில் டார்ச் வைத்துக் கையுறையோடு பொறுக்குவதுதான் வழி.

புயல் எச்சரிக்கை வந்தால்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இதற்குத் தயாராக இருக்க வேண்டும். எச்சரிக்கையின் தொடக்கக் கட்டமான முதல் வகுப்பு வந்ததுமே தொட்டிகளைச் சுவரோரம் படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் காற்று உருட்டும். தரையில் உள்ள செடியின் நீண்ட கிளைகளைக் கால்வாசி குறைத்தால் காற்றுக்குப் பிடி குறையும். கம்பில் இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டிய இடத்திலேயே தண்டு முறியும். எட்டு வடிவில் துணியால் தளர்வாகக் கட்டுங்கள்.

காற்று ஓய்ந்ததும் முதல் வேலை இலையைக் கழுவுவது. கரையிலிருந்து வெகுதூரம் உப்பு பறந்து வரும். மழையில்லாமல் காற்று மட்டும் அடித்திருந்தால் இலை ஓரம் இரண்டு நாளில் கருகும். சாய்ந்த செடியை அன்றே நிமிர்த்தி, மண்ணை மிதித்து, கிளையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். ஒரு நாள் வெயிலில் கிடந்த வேர் திரும்பாது. பிய்ந்த கிளையை நல்ல பட்டை வரை சுத்தமாக வெட்டுங்கள். புதுத்துளிர் வரும் வரை, மூன்று நான்கு வாரம், உரம் கூடாது.

தொட்டியில்

35 சென்டிமீட்டர் தொட்டி, தென்னை நார்த்தூள் 2, மக்கிய உரம் 1, கருங்கல் மணல் 1. கோடையில் தினமும் தண்ணீர், குளிரில் விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து. உரம் மூன்று வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி. இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வெளிவேரில் கால்வாசியை வெட்டிக் கலவையை மாற்றுங்கள். இதைச் செய்யாத செடிதான் மூன்றாம் ஆண்டு பூப்பதை நிறுத்துகிறது.

பறிப்பது

நாட்டுச் செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரிந்து மாலையில் சுருளும். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அவ்வளவுதான். மாலைப் பூஜைக்கு வேண்டுமென்றால் விரிந்தவுடன் பறித்து, மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரவு வரை விரிந்தே இருக்கும். மேலே சொன்ன காம்பு மூட்டில் கிள்ளினால் கிளை கிழியாது.

எங்கே நடக்கூடாது

கோர் தெ கார்த் மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் அங்கே முருகன் கோவிலை அறிவார்கள். அந்த மலையின் செங்குத்துச் சரிவுகளிலும் லெ மோர்ன் மலையிலும்தான், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு காட்டுச் செம்பருத்தி எஞ்சியிருக்கிறது. கிரியோலில் மாந்திரினெத் என்பார்கள். தாவரவியலில் ஹைபிஸ்கஸ் ஃப்ராஜிலிஸ். அழியும் விளிம்பில் உள்ள அந்தச் செடிக்கு, ஊடுருவிய அயல் செடிகளோடு, நம் தோட்டச் செம்பருத்தியின் மகரந்தமும் ஓர் ஆபத்து. இரண்டும் கலந்தால் தூய இனம் காணாமல் போகும். எனவே இந்த இரண்டு மலைகளின் அடிவாரத்தில் வீடுள்ளவர்கள் செம்பருத்திக்குப் பதிலாக மல்லிகையோ நந்தியாவட்டையோ நடுவது நல்லது. கவாத்து செய்த குச்சிகளை மலைப்பக்கம் கொட்டவே கூடாது, ஈரத்தில் அவை வேர் பிடித்துவிடும். சிமெண்டுத் தரையில் இரண்டு வாரம் வெயிலில் பரப்பி, ஒடித்தால் சடசடவென்று முறியும் வரை காயவைத்த பிறகு உரக்குழியில் போடுங்கள்.